சொற்சங்கிலி: மின்சார ரயிலிலும் சமையலறையிலும்

ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். கேட்க எளிது, தமிழில் இரண்டாவது நிமிடமே முட்டிக்கொள்ளும். ‘மரம்’ மெய்யில் முடிகிறது, மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காதே! அதனால் விதியை முதலிலேயே பேசிவிடுங்கள். ‘ம்’ வந்தால் ம, மா, மி, மு என அந்த வரிசையில் எதுவும் சரி. ண, ழ, ள, ற, ன வரிசை வந்தால் ஓரெழுத்து பின்னால் போகலாம்.

மின்சார ரயிலில் சென்னை ஊர்ப்பெயர்களில் ஆடினால்: தாம்பரம், மாம்பலம், மயிலாப்பூர், ராயபுரம், மந்தைவெளி. ‘ளி’ உதவாது, முந்தைய ‘வெ’யைப் பிடித்தால் வேளச்சேரி.

மூன்று, நான்கு வயதுக்கு இது ஆகாது. அவர்களுக்கு எழுத்தில்லை, காதுதான். சமையலறையில் நாலைந்து பொருளை எதிரே வைத்து, “‘ம’வில் தொடங்குவது எது?” என்று கேளுங்கள்: மஞ்சள், மிளகு, மோர். ‘ப’வில் ஆரம்பிக்காதீர்கள், பருப்பும் பக்கெட்டும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு, பிள்ளை குழம்பும்.

‘பழம்’ ‘பளம்’ ஆனால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்த வேண்டாம். உங்கள் முறையில் அதே சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள். அண்ணன் தங்கை சண்டை போடும் வீடா? ‘அவுட்’ கிடையாது, தெரியாவிட்டால் பாட்டியிடம் ஒரு சொல் கடன் வாங்கலாம்.