பழைய கேம்பர் வேனுக்கு ரோலரில் பெயிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளேயே படுக்கையும் அடுப்பும் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனைப் பட்டறையில் விட்டு முழுவதும் பெயிண்ட் அடித்து வாங்க வேண்டுமென்றால் பிரிட்டனில் பல ஆயிரம் பவுண்டு ஆகும். அதனால் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, நாலு அங்குல ரோலரால் தாங்களே அடித்துக்கொள்பவர்கள் அங்கே நிறைய. சில வேன்கள் பட்டறையில் அடித்தவையோ என்று கேட்கும்படி அமைந்துவிடுகின்றன. பல வேன்களில் புள்ளி புள்ளியாக மேடு பள்ளம், பட்டை பட்டையாகக் கோடுகள், ஓராண்டுக்குள் உரிந்து விழும் பெயிண்ட். இதைப் பார்ப்பவர்கள் முதலில் குறை சொல்வது ரோலரைத்தான்.

ரோலர் மீது பழி போடுவது நியாயமில்லை. 1923-ல் அமெரிக்காவில் டியூகோ என்ற, விரைவில் காயும் லாக்கர் வகைப் பெயிண்ட் வந்த பிறகுதான் கார் தொழிற்சாலைகளில் ஸ்பிரே கன் வேகமாகப் பரவியது. அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் தூரிகையால்தான் வண்ணம் பூசினார்கள். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளுக்கு இன்றும் எனாமலை ரோலரில் உருட்டி, மேலே தூரிகையை ஓட்டித்தான் முடிக்கிறார்கள். எந்தக் கருவியால் பூசினாலும், பரப்பைச் சமமாக்குவது பெயிண்ட்தான். ஈரமாக இருக்கும் வரை அது தானாகவே பரவிச் சமப்படும். அந்த அவகாசத்தை அதற்குக் கொடுக்காமல் விடுவதில்தான் பாதித் தவறுகள் அடங்கியிருக்கின்றன. மீதிப் பாதி, பெயிண்டுக்கு அடியில் நடப்பவை.

டப்பா வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

மெட்டாலிக் நிறத்தை ரோலரில் அடிக்க முடியாது. அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் ரோலர் உருளும் திசைக்கு ஏற்பப் படிந்துவிடும். காய்ந்த பிறகு திட்டுத் திட்டாகத் தெரியும். எத்தனை கோட் (பூச்சு) அடித்தாலும் அது சரியாகாது. ஒற்றை நிறம்தான் ரோலருக்கு ஏற்றது. நல்லவேளையாக 1950-ல் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகனின் டைப் 2 வேன்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்தே ஒற்றை நிறங்களில் வந்தவை. மேலே வெள்ளை, கீழே வேறு நிறம் என்ற இரட்டை நிற அமைப்பு ரோலருக்கு இன்னும் வசதி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் வீட்டுப் பெயிண்டை வேனுக்கு அடிப்பது அடுத்த தவறு. சிந்தும் பெட்ரோலையும், வெயிலில் சுட்டு இரவில் குளிரும் தகட்டின் அசைவையும் நாள்தோறும் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. கோச் எனாமல் என்று விற்கப்படும் வண்டிப் பெயிண்டோ, படகுகளுக்கான ஒற்றைக் கலவை எனாமலோ வாங்குங்கள்.

இன்னும் உறுதியான பெயிண்ட் வேண்டும் என்று ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் இரட்டைக் கலவைப் பெயிண்டுக்குச் சிலர் போகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு அது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சைத் திணறடிக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் செய்யும் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

ஒரே நிறத்தில் மூன்று நான்கு டப்பா வாங்கினால், எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே பெயர், ஒரே எண் என்றாலும் டப்பாவுக்கு டப்பா நிறம் இம்மியளவு மாறும். பக்கவாட்டுத் தகட்டின் நடுவில் டப்பா மாறினால் அந்த இம்மியளவு கண்ணை உறுத்தும்.

துருவை மூடினால் துரு போகாது

பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும் இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, பட்டி பூசி, மேலே நிறத்தை ஏற்றிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இந்த வேலையில் என்னை அதிகம் வருத்துவதும் அதுதான். கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் துரு பெரும்பாலும் தகட்டின் உட்புறத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. டைப் 2 வேன்களில் இதற்கென்றே சில இடங்கள் உண்டு: கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் கால்வாய், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம், எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு. இந்த இடங்களை ஸ்குரூடிரைவர் முனையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அது வெல்டிங் வேலை. பெயிண்ட் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

பட்டி நீரை உறிஞ்சும். ஓட்டையின் மேல் பூசிய பட்டி உட்புறத்திலிருந்து ஈரத்தை இழுத்துத் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும். இரண்டு குளிர்காலம் போனால் பட்டி முழுவதுமாகப் பெயர்ந்து கையோடு வரும். சுத்தமான இரும்பு தெரியும் வரை தேய்த்து, பள்ளங்களில் மிச்சமிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, பிறகு எபாக்சி பிரைமர் அடிப்பதுதான் நிலைக்கும்.

பிரைமரோடு நிறுத்திவிட்டு, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வேனை மழையில் விடுவதும் இதே வகைத் தவறுதான். சாதாரண பிரைமர்களில் நுண்துளைகள் உண்டு. அவை தண்ணீரை உள்ளே விடும். எபாக்சி ஓரளவு தாங்கும், மற்றவை தாங்காது. ஒரு வார இறுதிக்குள் மேல்பூச்சு வரை முடிக்கக்கூடிய பகுதியை மட்டும் ஒரு நேரத்தில் திறந்து வேலை செய்யுங்கள்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. 1950, 60-களின் வண்டிகளில் அதற்கு வாய்ப்பு அதிகம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. முகமூடி கட்டாயம், அந்த இடத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது.

தேய்ப்பதற்கு முன் கழுவாமல் இருப்பது

உப்புத்தாளை எடுத்த எடுப்பில் தேய்க்கத் தொடங்குகிறார்கள். ஆண்டுக்கணக்கில் பூசிய மெழுகும் சிலிக்கோன் பாலிஷும் அந்தத் தகட்டின் மேல் இருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க அவை கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு பெயிண்ட் அடித்தால், அந்த இடங்களில் பெயிண்ட் விலகிக்கொண்டு சிறு வட்டக் குழிகள் விழும்; மேலே இன்னொரு கோட் அடித்தாலும் குழி அப்படியே இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைப்பான், அதற்கும் பிறகுதான் உப்புத்தாள். கரைப்பானை ஒரு துணியால் பூசி, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியில் இரண்டையும் செய்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

நாளும் நேரமும்

வெயில் சுள்ளென்று அடிக்கும் நாள் பெயிண்ட் அடிக்க நல்ல நாள் என்று தோன்றும். அன்று கூரைத் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பெயிண்ட் சமப்படுவதற்குள் தின்னர் ஆவியாகிவிடும். நிழலும் காற்றில்லாத மிதமான வெப்பமும்தான் தேவை. 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை எனாமலுக்கு இதமானது.

பிரிட்டன் போன்ற ஈரமான நாட்டில் வெயிலைவிடப் பெரிய எதிரி மாலைப் பனி. பிற்பகல் நான்கு மணிக்குக் கடைசி கோட்டை முடித்துவிட்டு மகிழ்ச்சியாகத் தூங்கப் போவார்கள். இரவில் தகடு குளிர்ந்து, இன்னும் இறுகாத பெயிண்ட் மேல் பனி படியும். காலையில் பளபளப்பு போய் வெளிறிக் கிடக்கும். தகட்டின் வெப்பம், பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் எழுதிவைத்த விதி. காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது, கருவி எதுவும் இல்லாமலே அந்த விதியைக் காப்பாற்றும் வழி.

ரோலரைக் கையில் எடுத்த பிறகு

டப்பாவில் உள்ள எனாமலை அப்படியே அடிப்பது முதல் தவறு. அது ரோலருக்கு மிகவும் கெட்டி. பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை ஒயிட் ஸ்பிரிட் என்ற தின்னரைச் சேர்த்து இளக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அவசரத்தில் செல்லுலோஸ் தின்னரை ஊற்றினால் ரோலரின் நுரையே (ஃபோம்) கரையலாம், அடியில் உள்ள கோட்டும் சுருங்கி எழும்பலாம். இளக்கிய பெயிண்டைப் பழைய நைலான் காலுறையில் வடிகட்டுங்கள். பெயிண்டின் மேல் படிந்த ஆடையிலிருந்து பிரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் துணுக்குகள் அதில் சிக்கும்.

சுவருக்கு அடிக்கும் பஞ்சு ரோலர் இதற்கு உதவாது. அது இழை உதிர்க்கும், சொரசொரப்பை விட்டுச் செல்லும். அடர்த்தியான நுரை ரோலர், நான்கு அங்குலம், ஓரங்கள் வளைந்தது: அதைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடியும் வரை அரை டஜனாவது தேவைப்படும். பெயிண்டில் ஊறி ஓரம் தளர்ந்த ரோலர் ஒவ்வொரு இழுப்பிலும் இரட்டைக் கோடு போடும். அதைக் கழுவி மீண்டும் பயன்படுத்தப் பார்ப்பது மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிப்பது.

முதல் கோட் அசிங்கமாக இருக்கும். பழைய நிறம் அடியில் தெரியும், ரோலர் போன வழி தெரியும், பட்டி பூசிய இடம் தனியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அதே இடத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுவதுதான் இந்த வேலையிலேயே மிகப் பெரிய தவறு. கனமான பெயிண்ட் நிற்கும் தகட்டில் வழியும். மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாகவே கிடக்கும். முதல் கோட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். மூன்றாவது கோட்டில்தான் நிறம் மூடத் தொடங்கும். மெல்லிய கோட்டாக நாலைந்து தேவைப்படும்.

ரோலரை உருட்டி எடுத்த கணத்தில் தகட்டைப் பக்கவாட்டிலிருந்து உற்றுப் பாருங்கள். பரப்பு முழுவதும் ஊசிமுனை அளவுக் குமிழிகள் நிரம்பியிருக்கும். பெயிண்ட் சரியாக இளகியிருந்தால் அவை ஒவ்வொன்றாக உடைந்து, அரை நிமிடத்தில் பரப்பு கண்ணாடியாகும். உடையாமல் நின்றால் இன்னும் சிறிது ஒயிட் ஸ்பிரிட் தேவை, அல்லது தகடு சூடாக இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஒருவர் உருட்டிக்கொண்டே போக, மற்றவர் மென்மையான நல்ல தூரிகையின் நுனி மட்டும் படும்படி மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிவிடலாம். ஒரே ஒருமுறைதான். இறுகத் தொடங்கிய பெயிண்டை மீண்டும் தொட்டால் தழும்பு நிற்கும். பூச்சி உட்கார்ந்தாலும் விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன் மேல் ஏற வேண்டும். தகட்டின் நடுவில் வேலையை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வந்து சேர்த்த இடம் கோடாகத் தெரியும். சறுக்குக் கதவுக்கு எதிர்ப்பக்கம் ஒரே நீளமாக ஓடும் தகட்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரட்டை நிறம் வசதி என்று சொன்னது இதனால்தான்: ஜன்னலுக்குக் கீழே ஓடும் மடிப்புக் கோட்டில் ஒரு நிறம் முடிந்துவிடும், ஒரே மூச்சில் அடிக்க வேண்டிய பரப்பு பாதியாகிவிடும். கதவு இடுக்கு, மழைநீர்க் கால்வாய், மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் நிறுத்துங்கள்.

ஒரு கோட் காய்ந்து அடுத்த கோட் அடிக்கும் முன் நனைத்த 800 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்ப்பது நல்லது. மடிப்பு முனைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், இரண்டு இழுப்பில் இரும்பு தெரிந்துவிடும்.

கேம்பர் என்பதால் வரும் தவறுகள்

சாதாரணக் காரில் இல்லாத சில விஷயங்கள் இதில் உண்டு. உள்ளே அடுப்பும் எரிவாயு சிலிண்டரும் இருக்கும். தேய்க்கும் முன்பே சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். தின்னர் ஆவியும் எரியும் சுடரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. பக்கவாட்டிலும் தரையிலும் இருக்கும் காற்றுத் துளைகள் கசிந்த வாயு வெளியேறுவதற்கானவை. அழகுக்காக அவற்றைப் பட்டியாலோ பெயிண்டாலோ மூடுவது உயிரோடு விளையாடுவது. டேப் ஒட்டியிருந்தால் முடிந்ததும் உரித்தீர்களா என்று ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள்.

மேலே உயரும் கூரை பல வேன்களில் பைபர்கிளாஸ். அதற்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் ஒத்துவராது. பிளாஸ்டிக்குக்கும் பைபர்கிளாஸுக்கும் உரிய பிரைமரைத்தான் அடிக்க வேண்டும்.

ஜன்னல் ரப்பரின் மேல் டேப் ஒட்டி, ரப்பர் விளிம்பு வரை அடித்தால் அந்த விளிம்பில்தான் முதலில் உரியும். கண்ணாடியைக் கழற்றுவது சிறந்தது. முடியாவிட்டால் ரப்பரின் உதட்டுக்கு அடியில் மெல்லிய கயிற்றைச் சொருகித் தூக்கி வைத்துக்கொண்டு, பெயிண்ட் அதற்கு அடியிலும் சற்றே நுழையும்படி அடியுங்கள்.

அடித்து முடித்த பிறகு

எனாமல் தொட்டுப் பார்க்க மறுநாளே காய்ந்திருக்கும். முழுவதும் இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பாலிஷ் போடுவது, இரண்டாவது நிறத்துக்காக டேப்பை அழுத்தி ஒட்டுவது, சின்னங்களை இறுக்கித் திருகுவது எல்லாம் பதிவை விட்டுச் செல்லும். இரட்டை நிறம் என்றால் இரண்டுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

எனாமல் துடைத்த துணிகளை உருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை காயும்போது வெப்பம் உண்டாகி, குவியலாக இருந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய வாளியில் போடுங்கள்.

பிரிட்டனில் வண்டியின் நிறம் மாறினால் அதைப் பதிவு ஆவணத்தில் மாற்ற, வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். கலந்த பெயிண்டில் கொஞ்சத்தைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் ஆடை படியாது. அடுத்த கோடையில் ஏதாவது கிளை உரசிவிட்டால், அந்த ஒரு தகட்டை மட்டும் அதே நிறத்தில் மீண்டும் உருட்டிவிடலாம்.