வர்க்கமூலம் உள்ள கோவைகளைச் சுருக்குவது எப்படி?

√72-ஐச் சுருக்கச் சொன்னால் பலர் 9 × 8 என்று பிரித்து, 3√8 என எழுதி நிறுத்திவிடுகிறார்கள். 8-க்குள் இன்னும் ஒரு 4 இருக்கிறது. மிகப் பெரிய முழு வர்க்கக் காரணியைத் தேடுங்கள்: 36 × 2, ஆக 6√2. அது உடனே பிடிபடாவிட்டால் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள்: 2 × 2 × 2 × 3 × 3. சோடிக்கு ஒன்று வெளியே வரும், தனித்து நிற்பது உள்ளேயே இருக்கும்.

மாறிகளுக்கும் இதே வழிதான். √(50அ³இ²) என்பதை √(25 × 2 × அ² × அ × இ²) என்று பிரித்துக்கொள்ளுங்கள். அ ≥ 0 என்று கொண்டால் விடை 5அ|இ|√(2அ). இ-க்கு இருபுறமும் உள்ள மட்டுக்குறியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். √ குறி ஒருபோதும் குறை எண்ணைத் தராது. இ = −3 என்றால் √(இ²) = √9 = 3; அது −3 ஆகாது. இ குறை எண் இல்லை என்று கணக்கிலேயே சொல்லியிருந்தால் மட்டும் மட்டுக்குறியை எடுத்துவிடலாம்.

கூட்டுவதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே சுருக்குங்கள். √12 + √27 − √75 பார்வைக்கு ஒட்டாதவை போலிருக்கும். சுருக்கினால் 2√3 + 3√3 − 5√3, அதாவது பூச்சியம்! ஆனால் கூட்டலை மூலத்துக்குள் பிரிக்கக் கூடாது: √(9 + 16) = 5, அது 3 + 4 ஆகாது. பெருக்கலையும் வகுத்தலையும் மட்டுமே அப்படிப் பிரிக்கலாம்.

பின்னத்தின் பகுதியில் மூலம் இருந்தால் அதை விகிதப்படுத்த வேண்டும், அதாவது பகுதியில் மூலம் இல்லாதபடி மாற்ற வேண்டும். 6/(√5 − √2) என்பதில் மேலும் கீழும் √5 + √2-ஆல் பெருக்குங்கள். பகுதி 5 − 2 = 3 ஆகிவிடும்; விடை 2(√5 + √2). குறியை மாற்றாமல் √5 − √2-ஆலேயே பெருக்கினால் பகுதி 7 − 2√10 ஆகும், மூலம் போகவே போகாது.

சில இடங்களில் பெருக்கவே வேண்டியதில்லை. (அ − 9)/(√அ − 3) என்பதில் தொகுதியை (√அ − 3)(√அ + 3) என்று பார்க்கப் பழகினால் ஒரே வரியில் √அ + 3 வந்துவிடும். பக்கத்தில் அ ≥ 0, அ ≠ 9 என்று எழுதுங்கள். சுருக்கிய வடிவத்தில் 9-ஐப் பிரதியிட்டால் 6 கிடைக்கும், சுருக்குவதற்கு முன் இருந்த கோவைக்கோ அங்கே மதிப்பே கிடையாது. சரிபார்க்க அ = 4 போதும்: −5/−1 = 5, 2 + 3 = 5.