தியானம் வேறு, பயிற்சி வேறு: கிறிஸ்தவப் பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என ராமநாதபுரக் கடலோரத்தில் இருக்கும் கிறிஸ்தவப் பள்ளிகளில் ஆசிரியர் வளர்ச்சி பற்றிய அக்கறைக்குப் பஞ்சமில்லை. பள்ளி திறந்ததும் ஒரு கருத்தரங்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் செபமும் அருளுரையுமாக ஒரு தியானம். கோளாறு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதில் இருக்கிறது.

தியானம் கொடுக்க வந்தவரையே மதியம் கற்பித்தல் முறை பற்றியும் பேசச் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கிறார். 2-இல் 7 போகாது என்பதால் பிள்ளை தலைகீழாக, 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. பத்து பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் புரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க விடைத்தாள்களை நடுவில் பரப்பி நாலு ஆசிரியர்கள் உட்கார வேண்டும், அருளுரை உதவாது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சியை 2020 தேசியக் கல்விக் கொள்கை எதிர்பார்க்கிறது. செபக்கூட்ட வருகைப் பதிவேட்டைக் காட்டி அதை நிரப்புவது இரண்டுக்குமே அவமரியாதை.

ஆனால் அதே பிள்ளையை “உன் அப்பனைப் போல வலைதான் இழுப்பாய்” என்று ஏசும் ஆசிரியரைத் தீக்குச்சி திருத்தாது. அங்கேதான் ஆன்மிகத்துக்கு வேலை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் மதியமும் இரவும் செய்யச் சொன்ன ஆன்ம சோதனையை, அதாவது அன்றைய நடத்தையைத் திரும்பிப் பார்ப்பதைத், தினமும் பத்து நிமிடம் செய்தால், இன்று யாரை நோகடித்தோம் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மூன்று நாள் தியானத்தில் அழுதுவிட்டு நாலாம் நாள் பிரம்பைத் தேடுவதைவிட இது மேல்.

இன்னொன்று, செபத்தை வாய்ப்பூட்டாக்குவது. சம்பளம் தள்ளிப்போகிறது என்றால், “இது ஊழியம், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்கிறது நிர்வாகம். வேலையாள் கூலிக்கு உரியவர் என்று சொன்னவரும் இயேசுதானே! வகுப்புச் சுமை, விடுப்பு, ஊதியம் பற்றிப் பேசத் தனி நேரம் ஒதுக்காத பள்ளியில் தியானத்தின்போது ஆசிரியர்கள் மனத்துக்குள் கடன் கணக்குதான் போடுவார்கள்.

இந்து, இஸ்லாமிய ஆசிரியர்களைத் தியானத்துக்கு வரச்சொல்லிக் கையெழுத்து வாங்குவதும் தவறு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்க வருபவரை, அவரது சம்மதமின்றி, சிறாரானால் பெற்றோர் சம்மதமின்றி, சமய போதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. மாணவருக்குச் சொன்ன அந்த மரியாதையை ஆசிரியருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

புனித அருளானந்தர் திருத்தலம் இருக்கும் ஓரியூருக்கு ஒரு பஸ் பிடித்துப் போய்வந்து, அதையே ஆன்மிக வளர்ச்சி என்று எழுதிவைப்பதும் உண்டு. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) போர்த்துக்கீசிய உயர்குடியில் பிறந்தவர். மறவர் நாடு எனப்பட்ட இந்தப் பகுதியில் பேச வந்தவர் முதலில் தமிழ் கற்றார், காவி உடுத்தினார், புலால் விட்டார். அவர் ரத்தத்தில் சிவந்ததாக நம்பப்படும் ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வரும் ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் மாணவரின் தெரு தெரியும்?

கடல் காலண்டர் தெரியாமல் திட்டம் போடுவதும் இதில் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் பல வீடுகளில் இரண்டு மாதமாக வருமானம் இருக்காது. நோட்டு வாங்காத பிள்ளையை எழுப்பி நிறுத்தக் கூடாது என்பதை அந்த மாதக் கருத்தரங்கில் சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வது?

எல்லாப் பயிற்சியிலும் விடுபடுபவர்கள் ஆயாவும் வேன் ஓட்டுநரும் சத்துணவுப் பணியாளரும். எந்தப் பிள்ளையின் அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார், எது காலையில் சாப்பிடாமல் வந்தது என்பது ஆசிரியருக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காமல்.