சமூக இயற்கைத் தோட்டத்தில் தன்னார்வப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக இயற்கைத் தோட்டம் ஒன்றில் வாரந்தோறும் சென்று உழைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர், செடிகளைப் பற்றித் தமக்குப் போதிய அறிவு இல்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. ஒழுங்காக வந்து போகிறவருக்குச் செடிகளைப் பற்றிய அறிவு இரண்டு பருவங்களில் கைக்கு வந்துவிடும். தோட்டத்துக்கு உண்மையில் இழப்பை உண்டாக்குவது வேறொன்று. வீட்டுத் தோட்டத்தில் விதைத்தவரே நீர் ஊற்றுகிறார், அவரே களை எடுக்கிறார், அவரே பறிக்கிறார். நேற்று என்ன செய்தோம் என்பது அவர் நினைவிலேயே இருக்கிறது. பொதுத் தோட்டத்திலோ திங்களன்று ஒருவர் விதைத்த பாத்திக்குப் புதனன்று இன்னொருவர் நீர் விடுகிறார், சனிக்கிழமை மூன்றாமவர் களை எடுக்க வருகிறார். ஒருவர் கை செய்தது அடுத்தவருக்குத் தெரியாமல் போகும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். பல நேரங்களில் மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே.

முதல் தவறு தோட்டத்துக்குள் காலடி வைக்கும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. தொடக்க உற்சாகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வருவதாக ஒப்புக்கொள்வதும், ஒரு மாதம் கழித்து வருகை குறைந்து, பிறகு சொல்லாமலே நின்றுவிடுவதும் எல்லாத் தோட்டங்களிலும் காணக்கூடியது. வராத ஒரு நாளால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றலாம். நாற்றுத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் இருப்பது ஒரு கைப்பிடிக்கும் குறைவான மண். கடும் வெயில் அடிக்கும் ஒரே பிற்பகலில் அது முற்றிலும் காய்ந்து, ஆறு வாரம் வளர்த்த நாற்றுகள் மாலைக்குள் தலை சாய்ந்துவிடும். ஆகவே, முடியும் என்று நினைக்கும் நேரத்தில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்வதே நல்லது. குறிப்பிட்ட ஒரு கிழமையில் இரண்டு மணி நேரம் தவறாமல் வருகிறவரை நம்பி ஒருங்கிணைப்பாளர் ஒரு பருவத்தையே திட்டமிட முடியும். வர இயலாத நாளில் அதை முந்தைய நாளே தெரிவித்து, இயன்றால் தம் இடத்தில் யார் நீர் விடுவார் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது, கேட்காமல் வேலையில் இறங்குவது. இதை நான் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு பாத்தி முழுவதும் மெல்லிய புல் போல ஏதோ முளைத்திருந்ததைக் கண்டு, யாரும் சொல்லாமலே குந்தி உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கினேன். பாதி வரிசை முடிந்தபோது அதை விதைத்த அம்மையார் வந்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. நான் பிடுங்கிப் போட்ட குவியலிலிருந்து ஒரு முளையை எடுத்து என் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் நசுக்கி மோந்து பாருங்கள்" என்றார். கேரட்டின் வாசனை தெளிவாக வந்தது. கேரட் முளைக்கவே இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகலாம். முதலில் வரும் இரண்டு விதையிலைகள் நீண்டு, ஒடுங்கி, புல்லைப் போலவே இருக்கும். நாம் அறிந்த சிறகு போன்ற இலை அதற்குப் பிறகே வரும். அந்தப் பாத்தியில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் கேட்டிருந்தால் ஒரு வரிசை பிழைத்திருக்கும்.

அன்றிலிருந்து நான் எந்தத் தோட்டத்துக்குச் சென்றாலும் முதலில் தேடுவது அங்குள்ள குறிப்பேட்டைத்தான். வந்தவுடன் முந்தைய இரண்டு மூன்று நாள் குறிப்புகளைப் படிக்கவும், கிளம்பும் முன் ஐந்து நிமிடம் எழுதவும் வேண்டும். "வேலை முடிந்தது", "நீர் விட்டாயிற்று" என்று எழுதுவதால் அடுத்தவருக்குப் பயனில்லை. எந்தப் பாத்தி, என்ன விதை, எந்தத் தேதி, எவ்வளவு ஆழம், எந்தப் பாத்தியைத் தொடாமல் விட்டோம் என்பவையே தேவையான செய்திகள். விதைத்த கையோடு பெயரும் தேதியும் எழுதிய குச்சியைப் பாத்தியின் தலைப்பில் நட்டுவிட வேண்டும். நாளை நட்டுக்கொள்ளலாம் என்று விட்ட குச்சி நடப்படுவதே இல்லை.

நீர் விடுவதில் நிகழும் தவறுகள்தான் எண்ணிக்கையில் அதிகம், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் கொடுக்கப்படும் வேலை அதுவே. மேல்மண் வெளிறிக் காய்ந்திருப்பதைப் பார்த்தவுடன் பூவாளியை எடுத்துவிடுகிறார்கள். மேல்மண் காய்ந்திருப்பது வேர்ப்பகுதியின் நிலையைச் சொல்வதில்லை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பார்த்தால், உள்ளே குளிர்ந்த ஈரம் தட்டுப்படலாம். அப்படியானால் அன்று வளர்ந்த செடிகளுக்கு நீர் தேவையில்லை. காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவருமாக ஒரே பாத்திக்கு இருமுறை நீர் விட்டால், மண்ணின் இடைவெளிகளில் இருக்க வேண்டிய காற்று வெளியேறி வேர் மூச்சுத்திணறுகிறது. அப்போது செடி வாடும். அந்த வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி மூன்றாவது ஒருவர் மேலும் நீர் ஊற்றுவார். இதற்கு நேர் எதிரானது, தினமும் மேலாகத் தெளித்துவிட்டுப் போவது. ஈரம் மேலேயே நின்றுவிடுவதால் வேர்களும் மேலேயே நின்று, ஒரு நாள் வெயிலைக்கூடத் தாங்காத செடிகள் உருவாகின்றன. வளர்ந்த செடிகளுக்கு இடைவெளி விட்டு, ஆழமாக, தண்டின் அடியில், காலை நேரத்தில் நீர் விடுவதே முறை. மாலையில் இலைகளை நனைத்து இரவு முழுவதும் ஈரமாக விடுவது பூஞ்சை நோய்களுக்கு வழிவிடும். விதைத்த பாத்தி மட்டும் இதற்கு விலக்கு: முளை வரும் வரை அதன் மேல்மண் காயவே கூடாது.

பாத்திக்குள் கால் வைப்பது சிறு குற்றம் போலத் தெரியும். பாத்திகள் பொதுவாக 120 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் அமைக்கப்படுவதற்குக் காரணமே, இருபுறமும் உள்ள நடைபாதையில் நின்று நடுப்பகுதி வரை கை எட்ட வேண்டும் என்பதுதான். ஒருமுறை மிதித்து இறுகிய மண் தளர்வதற்கு, மண்புழுக்களும் வேர்களும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். மழை பெய்த மறுநாள் மண்ணைக் கிளறுவதும் இதே வகையைச் சேர்ந்தது. கைப்பிடி மண்ணை அழுத்திப் பார்த்து, அது உதிராமல் களிமண் உருண்டையாகவே நின்றால் மண்வெட்டியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

பூச்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்லெண்ணத்தால் மிகுந்த சேதம் நேர்வது இங்கேதான். பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுப் பருவத்தை மிகச் சிலரே அறிவர். கருத்த உடல், ஆறு கால்கள், முதுகில் முள் போன்ற புடைப்புகள், சில இனங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் என்று பார்ப்பதற்கு ஒரு குட்டி முதலையைப் போல இருக்கும் அது, செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினிகளின் கூட்டத்தின் நடுவே நின்று அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கும். புதியவர் அதைத்தான் முதலில் நசுக்குகிறார். இன்னும் ஏமாற்றக்கூடியது, மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு: அது தன் இரையைப் போலவே உடல் முழுவதும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டிருப்பதால், பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி அதைக் கொன்றுவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால், அதன் இழைகள் நீளமாகவும் ஒழுங்கற்றும் இருக்கும்; அது மாவுப்பூச்சியை விட வேகமாக நகரும். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் பழுப்பு நிறத்தில் உப்பி, அசையாமல் இலையில் ஒட்டியிருந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது அல்லது வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால், தோட்டத்தின் சம்பளமில்லாத காவலர்களையே எறிந்துவிடுகிறோம்.

ஆகவே எந்தப் பூச்சியையும் கொல்லும் முன், அது செடியைத் தின்கிறதா, செடியில் உள்ள வேறொன்றைத் தின்கிறதா என்று இரண்டு நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். தெளிப்பான் கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்ற எண்ணம் இங்கே மிகவும் ஆபத்தானது. செவ்வந்தி வகைப் பூ ஒன்றிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரம் தேனீக்களைக் கொல்லும். சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ அளவு மீறினாலும், உச்சி வெயிலில் தெளிக்கப்பட்டாலும் இலைகள் கருகிவிடும். புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவே மனித உடலில் ஏறக்கூடிய நஞ்சு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் அது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டுள்ளது. எதைத் தெளிப்பது என்பதைத் தனி ஒருவர் முடிவு செய்யக் கூடாது. முடிவான பிறகும், பூக்களைத் தவிர்த்து, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் மட்டுமே தெளிக்க வேண்டும்.

வெளியிலிருந்து அன்பளிப்பாகக் கொண்டுவரும் பொருள்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு வண்டி வைக்கோலோ தொழுவுரமோ யாராவது தருகிறார்கள் என்றால் மகிழ்ச்சியோடு வாங்கி வந்து கொட்டிவிடுவது இயல்பு. ஆனால் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் தெளிக்கப்பட்ட புல்லை மாடு தின்றால், அந்த நஞ்சு மாட்டின் வயிற்றையும் தாண்டி, சாணத்திலும் மட்கிய உரத்திலும்கூடச் செயல் குன்றாமல் நீடிக்கிறது. அந்த உரம் இட்ட பாத்தியில் தக்காளியின் நுனி இலைகள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அவரைக் குடும்பச் செடிகள் வளர்ச்சி குன்றிப்போகும். மூலம் தெரியாத உரத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதைக் கலந்த சில தொட்டிகளிலும் கலக்காத சில தொட்டிகளிலும் பீன்ஸ் விதைகளை ஊன்றி, மூன்று நான்கு வாரம் இலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பச்சைச் சாணத்தை நேரடியாகக் காய்கறிப் பாத்தியில் இடுவதும் தவறு. மண்ணைத் தொட்டு விளைபவற்றுக்கு அறுவடைக்கு 120 நாள்கள் முன்பும், மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள்கள் முன்பும் இட்டு மண்ணோடு கலந்திருக்க வேண்டும் என்பது மேற்சொன்ன அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் உள்ள கணக்கு. மிச்சமிருக்கிறதே என்று கொண்டுவரும் விதைப் பொட்டலத்தில் விதைகள் இளஞ்சிவப்பு, நீலம் போன்ற செயற்கை நிறத்தில் இருந்தால், அவை பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டவையாக இருக்கக்கூடும். அவற்றைத் தோட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

மட்கு உரக் குவியல் குப்பைத்தொட்டி அன்று. பச்சைக் கழிவுகளை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் அது அழுகி நாறும். காய்ந்த இலைகளும் வைக்கோலும் சேர்ந்து, கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 30:1 என்ற விகிதத்துக்கு அருகில் வரும்போதுதான் குவியல் சூடேறும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள்கள் நின்று, கிளறிவிடப்பட்டு எல்லாப் பகுதியும் அந்தச் சூட்டைப் பெற்ற பிறகே பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகின்றன. அப்படிச் சூடேறி முடிந்த குவியலின் மேல் புதிதாக வருகிறவர் ஒரு கூடை விதை முற்றிய களைகளைக் கொட்டினால் முந்தைய உழைப்பு வீணாகிறது. கோரைக் கிழங்கையும் அருகம்புல்லின் தண்டையும் குவியலில் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அறுவடையில் அதிகமாக எடுத்துக்கொள்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எடுக்காமல் விடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றவர்களுக்கு இருக்கட்டும் என்று வெள்ளரியையும் பீன்ஸையும் கொடியிலேயே விட்டுப் போகிறார்கள். காய் முற்றி விதை திரண்டுவிட்டால் கொடி புதிய பூக்களைக் குறைத்துக்கொள்ளும். ஆக, விட்டுக்கொடுப்பதாக நினைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டியதைக் குறைத்துவிடுகிறது. பருவத்தில் இருப்பதைப் பறித்து, பொதுக் கூடையில் வைத்து, தோட்டத்தின் பங்கீட்டு முறைப்படி எடுத்துக்கொள்வதே சரி. இலைகள் ஈரமாக இருக்கும்போது மட்டும் பீன்ஸ் கொடிகளைத் தொடாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் பாக்டீரியா நோய்கள் ஈரக் கையோடு செடிக்குச் செடி பயணம் செய்கின்றன. புகையிலை பயன்படுத்துகிறவர்கள் தக்காளி, மிளகாய் ஆகியவற்றைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் அவர்கள் விரல்களில் வரக்கூடும்.

உடலைப் பற்றிய அலட்சியம் வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கிருமி மண்ணிலேயே வாழ்கிறது. உலர்ந்த மட்கு உரத்தைக் கிளறும் முன் சற்று நனைத்துக்கொண்டால் அதன் தூசி நுரையீரலுக்குள் போகாது. மண்வெட்டியையும் கவைக்கோலையும் முனை மேல்நோக்கி இருக்கும்படி தரையில் போடாதீர்கள். அடுத்து அந்த வழியில் ஓடி வருவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

கடைசியாக, விலகிப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. வேலை மாறுகிறது, வீடு மாறுகிறது, உடல் ஒத்துழைப்பதில்லை. நீண்ட நாள் உழைத்தவரும் ஒரு நாள் நிற்க வேண்டியிருக்கும். பொறுப்பை விட்டுப்போக மனமில்லாமலோ, சொல்லக் கூச்சப்பட்டோ, கடைசி வாரம் வரை மறைத்து வைப்பது தவறு. எந்தக் குழாய் கசிகிறது, எந்த மூலையில் மழைநீர் தேங்குகிறது, விதைக்காக விட்ட கத்தரிக்காய் எந்தச் செடியில் இருக்கிறது என்பவை குறிப்பேட்டில் இல்லாமல் அவர் தலையில் மட்டுமே இருக்கும். குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவித்து, பொறுப்பேற்பவரோடு இரண்டு வாரம் சேர்ந்து வாருங்கள். முதல் வாரம் நீங்கள் செய்ய அவர் உடனிருக்கட்டும். இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் அவரே செய்யட்டும், நீங்கள் அவர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.