பட்டாளத்துக்குப் போன தாத்தாவைத் தேடுறது எப்படி?

நம்ம தஞ்சாவூர் பக்கம் ரெண்டாம் உலகப்போருக்குப் போனவங்க கதை வீட்டுல பாதிதான் இருக்கும், மீதியைத் தேடணும்னா முதல்ல சென்சஸை மறந்துடுங்க, இந்தியாவுல வீட்டுவாரியா எழுதுன தாளை நாம பார்க்க முடியாது, மொத்தக் கணக்கு மட்டும்தான் வெளியிடுவாங்க. இந்தியர்களுக்குக் கட்டாய ஆள்சேர்ப்பும் இல்ல, அதனால வெளிநாட்டுல இருக்க மாதிரி டிராஃப்ட் கார்டும் (கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பேர் பதிஞ்ச அட்டை) கிடையாது.

பரண்ல இருக்க டிரங்குப் பெட்டிய இறக்குங்க. எங்க பெரிய தாத்தாவோட டிஸ்சார்ஜ் பேப்பர் பட்டு வேட்டி மடிப்புக்குள்ள கிடந்துச்சு, மடிச்ச இடமெல்லாம் இத்துப்போயி, ஆனா சர்வீஸ் நம்பர் மட்டும் பளிச்னு தெரிஞ்சுது, அதைத் தடவிப் பார்த்துட்டு அப்பா அழுதுட்டாரு. அந்த நம்பர்தான் முக்கியம். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன்ல இருக்க ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு நம்பரோட லெட்டர் போடுங்க.

போர்ல இறந்தவரா இருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல ஃப்ரீயாவே தேடலாம், சில பேருக்கு அப்பா பேரு, ஊரு பேரு வரைக்கும் இருக்கும். ஊரை மட்டும் வெள்ளைக்காரன் எழுதுன மாதிரி ‘டாஞ்சூர்’ (Tanjore), ‘நெகபட்டம்’ (Negapatam)னு போட்டுப் பாருங்க. திருவாரூர், மயிலாடுதுறைக்காரங்களும் டாஞ்சூர்னே தேடுங்க, அப்போ எல்லாம் ஒரே ஜில்லாதான்.