மாதிரி ரயில் எஞ்சினில் முகப்பு விளக்கையும் டிச் லைட்டையும் பிரகாசமாக்குதல்

மாதிரி எஞ்சினின் விளக்கு மங்கலாக எரிந்தால் பலரும் உடனே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை மாற்ற முனைகிறார்கள். ஆனால் குறை பெரும்பாலும் மின்னோட்டத்தில் இருப்பதில்லை. எல்இடிக்கும் லென்சுக்கும் இடையே ஒளி செல்லும் பாதையில்தான் இருக்கிறது. தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி இயக்கும் டிசிசி எஞ்சின் என்றால், விளக்கை மங்கச் செய்யும் அமைப்பு டிகோடரில் (எஞ்சினுக்குள் அந்தக் கட்டளையை ஏற்று நடத்தும் மின்னணுப் பலகையில்) இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மேல்கூட்டைக் கழற்ற வேண்டும்.

எல்இடியின் முகமும் பிளாஸ்டிக் ஒளிக்குழாயின் முனையும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நின்றால், ஒளியின் பெரும்பகுதி குழாய்க்குள் நுழையாமல் கூட்டுக்குள்ளேயே சிதறிப் போகும். முனையை நேராக வெட்டி, 600, 1000, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, எல்இடியோடு ஒட்டி நிற்கும்படி பொருத்த வேண்டும். கூட்டின் சுவர் வழியே வெளிச்சம் கசிந்தால் உட்புறம் கறுப்பு வண்ணமும் அதன்மேல் வெள்ளையும் பூசலாம். சிலர் அலுமினியத் தாளை ஒட்டுகிறார்கள். அது மின்சாரத்தைக் கடத்துவதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிச் லைட்டில், அதாவது எஞ்சினின் முன்புறம் தாழ்வாக இருபக்கமும் உள்ள துணை விளக்குகளில், சிக்கல் கூடுதல். மெல்லிய ஒளிக்குழாய் வளைந்து வளைந்து கீழே இறங்குவதற்குள் வெளிச்சம் பாதி வழியிலேயே வடிந்துவிடும். அந்தக் குழாயை அகற்றிவிட்டு, விளக்குக் கூட்டுக்குள்ளேயே சிறிய எல்இடியை வைப்பதுதான் உருப்படியான தீர்வு. எச்ஓ (HO, 1:87) அளவு மாதிரிக்கு 1.6 × 0.8 மி.மீ. கொண்ட 0603 வகையும், அதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு மாதிரிக்கு 1.0 × 0.5 மி.மீ. கொண்ட 0402 வகையும் பொருந்தும். எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியைச் சால்டர் செய்து, காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையால் நிலைநிறுத்த வேண்டும். உடனடிப் பசையின் ஆவி லென்சின் மீது வெண்படலமாகப் படியும்.

அதன் பிறகே மின்னோட்டக் கணக்கு. டிகோடர் 14 வோல்ட் தந்து, வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொண்டால், 1000 ஓம் ரெசிஸ்டரில் 11 மில்லி ஆம்பியரும் 680 ஓமில் ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியரும் ஓடும். 470 ஓமுக்கு இறங்கினால் 23 மில்லி ஆம்பியராகி, பெரும்பாலான எல்இடிகளின் 20 மில்லி ஆம்பியர் வரம்பு மீறப்படும். 680 ஓம் ரெசிஸ்டரில் 0.18 வாட் வெப்பம் உண்டாவதால் கால் வாட் ரெசிஸ்டரே வேண்டும். அது கூட்டின் பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது. எல்இடியின் நேர்முனையை டிகோடரின் நீலக் கம்பியில் இணைத்து, ஒவ்வொரு டிச் லைட்டுக்கும் தனி ரெசிஸ்டர் கொடுக்க வேண்டும். இரண்டும் மாறி மாறி மின்ன வேண்டுமானால் டிகோடரில் தனித்தனி வெளியீடுகளும் தேவை. 1.5 வோல்ட் பல்புக்கென அமைந்த பலகையில் வெள்ளை எல்இடி எரியாது.

அமெரிக்க விதிப்படி முகப்பு விளக்குக்கும் துணை விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச ஒளிச்செறிவு 2,00,000 கேண்டெலாதான். ஆகவே மாதிரியிலும் டிச் லைட் மட்டும் கண்ணைக் கூசுவது பொருந்தாது. நீலம் கலந்த வெண்மையைவிட மஞ்சள் சாயல் கொண்ட வெண்மையே பழைய எஞ்சின்களுக்கு ஏற்றது. கூட்டை மூடுவதற்கு முன் அறையை இருட்டாக்கி, இரண்டையும் ஒருசேர எரியவிட்டு ஒப்பிட்டு, எது மிஞ்சுகிறதோ அதன் ரெசிஸ்டர் மதிப்பை உயர்த்த வேண்டும்.