எலும்பு முறிவிலிருந்து தேறிவரும்போது கப்பல் பயணம்: முன்னேற்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி வைத்திருந்த சொகுசுக் கப்பல் பயணத்துக்கு இன்னும் ஏழு வாரங்களே இருந்த நிலையில், என் அக்கா வீட்டு மாடிப்படியில் கால் தவறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் ஆகும் என்றார். ஆறாவது வாரம் கட்டைப் பிரித்துவிடுவார்கள், ஏழாவது வாரம் கப்பல் ஏறிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் விரல் விட்டு எண்ணிக் கணக்குப் போட்டோம். சிங்கப்பூரில் புறப்பட்டு, போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் சென்று மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம் அது. நாங்கள் சென்றும் வந்தோம். ஆனால் அந்த நாள் கணக்குதான் நாங்கள் செய்த தவறுகளுக்கெல்லாம் வேராக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

எலும்பு கூடுவது வேறு, கால் தேறுவது வேறு. எக்ஸ்-ரே படத்தில் முறிவு கூடியிருப்பது தெரிந்தாலும், ஆறு வாரம் அசையாமல் கிடந்த காலில் தசை மெலிந்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும், அடி வைக்கும்போது உடலின் சமநிலையைக் காக்கும் உணர்வும் மங்கியிருக்கும். வீட்டுத் தரையில் அதைச் சமாளித்துவிடலாம். கப்பலின் தரையோ, கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் சிறிதளவேனும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே மருத்துவரிடம் "அதற்குள் சரியாகிவிடுமா, போகலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது போதாது. அந்தக் கேள்விக்கு அவர் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். காலில் முழு எடையையும் ஊன்றலாமா, பாதி எடையைத்தானா, ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் நடக்கலாம், எத்தனை படிகள் ஏறி இறங்கலாம், மாவுக்கட்டைப் பிரித்த பிறகு காலணி போல மாட்டிக்கொள்ளும் தாங்குகட்டையை இரவிலும் அணிய வேண்டுமா, வலி எந்த அளவுக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தையல் பிரிப்பதோ கட்டு மாற்றுவதோ பயணத்துக்கு நடுவில் வருமானால், கப்பலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் தேதியை முன்கூட்டியே மாற்றிக் கேட்பது நல்லது.

பயணத் தேதி நெருங்க நெருங்க உடலை அவசரப்படுத்துவது அடுத்த தவறு. என் பார்வையில் மிகவும் ஆபத்தானதும் அதுவே. எங்கள் வீட்டில் ஐந்தாம் வாரத்திலேயே, "கொஞ்சம் ஊன்றிப் பழகினால்தானே கப்பலில் நடக்க முடியும்" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினோம். மாவுக்கட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புத்தூருக்குப் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். எந்த முறை சிறந்தது என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. பாதி ஆறிய எலும்பின் கட்டை இடையில் பிரித்து முறையை மாற்றினால் முறிவு விலகிப் போகக்கூடும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அப்படி விலகினால் அறுவை சிகிச்சை வரை போகும், பயணமும் போய்விடும். மருத்துவர் ஊன்றலாம் என்று சொன்ன நாளிலிருந்து, பிசியோதெரபி நிபுணர் சொல்லும் அளவுக்குள் பழகுவதே முறை. அந்தப் பழக்கத்தில் கப்பலை நினைத்துச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: கைப்பிடியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது, ஊன்றுகோலுடன் படி ஏறி இறங்குவது. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட காலும் ஊன்றுகோலும் முன்னே என்ற வரிசை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

காயத்தைக் கப்பல் நிறுவனத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைப்பது, அல்லது சொல்வதைத் தள்ளிப்போடுவது பலரும் செய்யும் தவறு. சொன்னால் ஏற்றமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். உண்மையில் பெரும்பாலான நிறுவனங்களில் உடல் வசதிக் குறைவு உள்ளவர்களுக்கென்று தனிப் பிரிவும் படிவமும் உண்டு. முன்கூட்டியே தெரிவித்தால் கப்பல் ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்வார்கள், குளியலறைக்கு முக்காலி கொடுப்பார்கள், கிடைத்தால் அறையையும் மாற்றித் தருவார்கள். ஆனால் கப்பலில் இருக்கும் சக்கர நாற்காலி ஏறி இறங்கவும் அவசரத்துக்கும்தான். பயணம் முழுவதும் தேவை என்றால் நாமே வாடகைக்கு எடுத்தோ சொந்தமாகவோ கொண்டுபோக வேண்டும்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது நேரமும் ஆவணமும். விபத்து நடந்த பிறகு வாங்கும் பயணக் காப்பீடு, அந்தக் காயத்தால் வரும் செலவைப் பெரும்பாலும் ஏற்காது. விபத்துக்கு முன்பே வாங்கியிருந்தால், காயம் ஏற்பட்ட உடனே அவர்களுக்குத் தெரிவித்து, பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் எந்தெந்தச் சான்று வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். "பார்ப்போம், பார்ப்போம்" என்று கடைசி வாரம் வரை காத்திருப்பவர்கள் இருவழியிலும் இழக்கிறார்கள்; புறப்படும் நாள் நெருங்கும் அளவுக்குக் கப்பல் நிறுவனம் பிடித்தம் செய்யும் தொகை கூடிக்கொண்டே போய், இறுதி வாரங்களில் ஒன்றுமே திரும்ப வராத நிலை ஏற்படும். பயணம் உறுதி என்றால், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று கப்பல் தொடும் எல்லா நாடுகளும் காப்பீட்டில் அடங்கியுள்ளனவா, கடலிலிருந்து கரை மருத்துவமனைக்கு மாற்றும் செலவு சேருமா என்று பார்க்க வேண்டும். கப்பலில் மருத்துவரும் செவிலியரும் எக்ஸ்-ரே வசதியும் இருப்பார்கள். ஆனால் அது பெரிய மருத்துவமனை ஆகாது. அங்கே ஆகும் செலவு நம் கப்பல் கணக்கில் ஏறிவிடும், அதைக் கட்டிவிட்டு ஊர் திரும்பித்தான் காப்பீட்டில் கேட்டுப் பெற வேண்டும்.

கப்பலைப் பற்றியே யோசித்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் விமானப் பயணத்தை மறந்துவிடுகிறோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் கால்களைத் தொங்கவிட்டபடி உட்கார வேண்டும். காலில் முறிவு, அசையாமை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகிய மூன்றுமே கெண்டைக்கால் இரத்தக் குழாயில் உறைகட்டி உருவாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன; அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் விழுங்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கமும் வலியும் சூடும் தோன்றினாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதிதாக மாவுக்கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாதவர்களைப் பல விமான நிறுவனங்கள் நீண்ட பயணத்துக்கு ஏற்றுவதில்லை, அல்லது கட்டை நீளவாக்கில் பிளந்துகொண்டு வரச் சொல்கின்றன. உள்ளே கால் வீங்கினால் கட்டு இறுக்கிவிடும் என்பதே காரணம். கால் நீட்ட இடம் கிடைக்குமே என்று அவசர வழியருகே இருக்கை கேட்பதும் வீண், காயம்பட்டவர்களை அங்கே உட்கார விடமாட்டார்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் கடல் தெரியும் மாடத்தை மட்டுமே பார்த்தோம். பார்த்திருக்க வேண்டியவை வேறு. கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் உயர்ந்த தளங்களிலும் அதிகம். மின்தூக்கிக்கு அருகில் அறை இருந்தால் நடை மிச்சம். சாதாரண அறைகளின் குளியலறை வாசலில் பெரும்பாலும் ஓர் உயரமான தடுப்பு இருக்கும். இரவில் அரைத் தூக்கத்தில் ஒற்றைக் காலுடன் அதைத் தாண்டுவது எவ்வளவு கடினம் என்பதை அக்கா முதல் இரவிலேயே உணர்ந்தார். தடுப்பு இல்லாமலும் கைப்பிடிகளோடும் அமைந்த அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவே, அவையும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், காயம்பட்ட அன்றே விசாரிப்பது நல்லது.

கப்பலில் ஓய்வுதானே, நடக்கவே வேண்டியிருக்காது என்று நினைப்பதும் தவறு. சிங்கப்பூரிலிருந்து பயணங்கள் நடத்திய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலின் நீளம் 347 மீட்டர். அத்தகைய கப்பலில் அறை ஒரு முனையிலும் உணவுக்கூடம் மறு முனையிலும் இருந்தால், மூன்று வேளை போய்வருவதற்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பஃபே உணவுக்கூடத்தில் இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் இருக்கும்போது தட்டை எப்படி ஏந்துவது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேசைக்கே கொண்டுவந்து பரிமாறும் உணவகத்தில் இடம் கேட்டு வைப்பதும், குறுக்காகத் தோளில் மாட்டும் சிறு பை ஒன்றை வைத்துக்கொள்வதும் இதற்கு எளிய வழிகள். நீச்சல் குளத் தளம் எப்போதும் ஈரமாக இருக்கும். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். மாலையில் கால் வீங்குவது மாதக்கணக்கில் தொடரக்கூடியது என்பதால், அளவு கூடிய செருப்பு ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். ஆறாத புண்ணோ தையலோ இருப்பவர் குளத்திலும் வெந்நீர்த் தொட்டியிலும் இறங்கக் கூடாது.

கரை இறங்கும் இடங்களைப் பொதுவாகப் பார்க்காமல் ஒவ்வொரு துறைமுகமாகப் பார்க்க வேண்டும். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையை ஒட்டியே நிற்கும். அருகிலேயே ஜார்ஜ் டவுன். ஆனால் அங்கே கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதைகளின் தரை கடைக்குக் கடை ஏறி இறங்கும் என்பதால் ஊன்றுகோலுக்குக் கவனம் வேண்டும். புக்கெட்டின் பத்தோங் கடற்கரைக்குச் செல்லும் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குப் போகிறார்கள். கப்பலும் படகும் தனித்தனியே ஏறி இறங்கும் நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அடி எடுத்து வைக்க வேண்டும். தானாக அதைச் செய்ய முடியாதவர்களைப் பணியாளர்கள் படகில் ஏற்றுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடல் இன்னும் கொந்தளிக்கும். நாங்கள் புக்கெட்டுக்கு முன்பணம் கட்டிச் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தோம். அக்கா கப்பலிலேயே இருந்துவிட்டார். "நங்கூரமிட்டு நிற்குமா, கரையில் கட்டுமா?" என்ற ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால், அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும், அவருக்கு அந்த ஏமாற்றமும் வந்திருக்காது.

போர்ட் கிள்ளானில் இறங்கும் தமிழர்கள் பலரும் பத்துமலை போகாமல் திரும்புவதில்லை. அங்கே முருகன் சந்நிதிக்கு 272 படிகள், செங்குத்தானவை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கோ 500க்கும் மேற்பட்ட படிகள். முதல் நூறு படிகளைப் பக்தியும் உற்சாகமும் ஏற்றிவிடும்; இறங்குவதுதான் காயம்பட்ட கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் சோதனை. அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்பது என் உறுதியான நம்பிக்கை. அக்காவும் அப்படித்தான் செய்தார். துறைமுகத்திலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. மெதுவாக நடப்பவர் உள்ள குடும்பம் திரும்பும் நேரத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

மருந்துகளில் இரண்டு தவறுகள் உண்டு. வலிக்குக் கொடுத்த டிரமடால் போன்ற மாத்திரையைச் சீட்டு இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு எல்லை கடப்பது ஒன்று. இந்தியாவிலேயே 2018 முதல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூரில் சில வலிநிவாரணிகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் முன்அனுமதியே வேண்டும். மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டு, மாத்திரையின் அசல் உறை, மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, எக்ஸ்-ரேயின் படம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். மற்றொன்று, அத்தகைய வலி மாத்திரையோடு கடற்குமட்டல் மாத்திரையையும் தானாகச் சேர்த்து விழுங்குவது. இரண்டுமே மயக்கம் தரக்கூடியவை. ஆடும் தரையில் ஊன்றுகோலோடு நிற்பவருக்கு அந்த மயக்கமே அடுத்த விழுகைக்குக் காரணமாகிவிடும்.

அவசரகாலப் பயிற்சியைக் கால்வலி என்று தவிர்க்க நினைப்பது பெருந்தவறு. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி 2015 முதல் கட்டாயமானது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மின்தூக்கியை நம்ப முடியாது. ஆகவே ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் அறை எண்ணைச் சொல்லி, படியில் இறங்க உதவி தேவைப்படுபவர் என்று பதிந்துகொள்ள வேண்டும். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ தாழ்வாரத்தில் கிடக்காமல் அறைக்குள், கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடைசி நாளைக்கான ஏற்பாட்டையும் புறப்படும் முன்பே யோசித்து வையுங்கள். பெட்டிகளை முந்தின இரவே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மருந்தும் தாங்குகட்டையும் மாற்றுச் செருப்பும் அவற்றோடு போய்விட்டால், மறுநாள் காலை குடிநுழைவு வரிசையில் வெறுங்காலோடு நிற்க நேரிடும். இறங்குவதற்கான சக்கர நாற்காலியை முதல் நாளே சொல்லி வையுங்கள்; ஊருக்குத் திரும்பும் விமானத்தை அன்று மாலைக்குப் பிறகே எடுங்கள்.